கல்கியின் கதைக்கு ஒரு தேசப்படம்

கல்கி என்னும் புனைபெயரால் தமிழுலகம் நன்கறிந்த ரா. கிருஷ்ணமூர்த்தியவர்கள் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 9ஆம் நாள், அந்நாளைத் தஞ்சை ஜில்லாவில் மாயூரத்தை அடுத்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் இராமசாமி ஐயர் அவ்வூர்க் கணக்கர். காவிரியின் கிளைகள் பாயும் வளநாட்டிலே வளர்ந்த ஒருவர், பிற்காலத்தே பொன்னியின் பெயராலேயே ஒரு பெருங்கதை புனைந்தது வியப்பன்று. ஆயின் அக்கதையைக் கன்னட நாட்டெல்லையை அடுத்த கிருஷ்ணகிரியிலிருந்து படித்த நமக்கு ஒரு தொல்லை நேர்ந்தது. அதனைக் கூறவும், அவ்வழியே அப்பெரியார் வாழ்க்கையைச் சிறிது நினைவுகூரவும் இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

இளமையில் அவர் திருச்சிராப்பள்ளித் தேசிய உயர்நிலைப் பள்ளியிற் பயின்றார். 1921ஆம் ஆண்டு ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியபோது, இறுதித் தேர்வை எழுதாமலே பள்ளியை விட்டு வெளியேறினார். நம்மைப் போலத் தேர்வுக்கு நாள் எண்ணிக் கொண்டிருப்பார்க்கு இச்செய்தி சிறிது அச்சத்தையும் சிறிது பொறாமையையும் ஒருங்கே தருவதாம். மறு ஆண்டு சிறை புகுந்தார். பின்னர் திரு.வி.க.வின் நவசக்தியிலே பணியாற்றித் தமிழ் உரைநடையின் நுட்பங்களைக் கற்றார். அதன்பின் திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்திலே இராஜாஜியுடன் இருந்து, மதுவிலக்கிற்கென நடந்த விமோசனம் என்னும் இதழுக்குத் துணை நின்றார். அந்த இராஜாஜி பிறந்தது நம் ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் என்பதை நம் பக்கத்தார் எவரும் சொல்லாமல் விடார், நாமும் விட்டோமில்லை.

ஆனந்த விகடனில் அவர் பெற்ற பெரும்புகழை விரித்துரைக்க ஈண்டு இடமில்லை. 1941ஆம் ஆண்டில் அதனின்று விலகி, சதாசிவம் அவர்களோடு கூடித் தம் புனைபெயராலேயே கல்கி இதழைத் தொடங்கினார். அவ்விதழிலேதான் பார்த்திபன் கனவும், சிவகாமியின் சபதமும், 1950 அக்டோபர் முதல் 1954 மே முடியப் பொன்னியின் செல்வனும் வாரந்தோறும் வெளிவந்தன. கடைசியிற் கூறியது ஐந்து பாகம், 293 அத்தியாயம். மூன்றரை ஆண்டுக்காலம் ஒரு கதையை வாரத்திற்குச் சில பக்கங்களாகப் படித்தவர், ஊர்ப் பெயர்களையும் வழிகளையும் எங்ஙனம் மறவாதிருந்தனரோ!

கல்கி வீட்டிலிருந்தபடியே வரலாற்றுக் கதை எழுதியவரல்லர். நீலகண்ட சாஸ்திரியாரும் சதாசிவ பண்டாரத்தாரும் சோழர் வரலாற்றை ஆராய்ந்து எழுதிய நூல்களைக் கற்றதோடு அமையாது, ஓவியர் மணியம் அவர்களையும் உடன் கொண்டு இலங்கைக்குச் சென்று, கதை நிகழும் இடங்களை நேரிற் கண்டு வந்தார். இதனாலே அவருடைய பாத்திரங்கள் வெறுவெளியில் நடப்பதில்லை. வந்தியத்தேவன் காஞ்சியிலிருந்து புறப்பட்டு, ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையிற் குதிரை செலுத்தி வருகிறான், அன்றிரவு கடம்பூர், பின்பு குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை, அங்கிருந்து படகேறி இலங்கை. எங்கு ஆற்றைக் கடந்தான், எங்கு காட்டை அடைந்தான் என்பதெல்லாம் ஆசிரியர் உள்ளத்திலே தெளிவாக இருந்தது. தேசப்படம் ஒன்று அவர் நெஞ்சிலே விரிந்து கிடந்ததெனலாம்.

நம் நெஞ்சிலோ அது இல்லை. குடந்தைக்கும் பழையாறைக்கும் இடையே எத்துணைத் தொலைவு, கொள்ளிடம் காவிரிக்கு வடக்கா தெற்கா என்பன தஞ்சை மாணவர்க்கு விளையாட்டு, நமக்கு வினாத்தாள். சிறு வயதில் சோழர் கதைகளிலே காவிரிப்பூம்பட்டினம் என்று கேட்டபோதெல்லாம், கிருஷ்ணகிரியிலிருந்து சிறிது தொலைவிலுள்ள நம் காவேரிப்பட்டினத்தையே நினைத்துக் கொண்டோம். பெயரில் காவேரி இருப்பினும் அவ்வூர் தென்பெண்ணைக் கரையில் உள்ளது. அங்கே கப்பல் வந்து நிற்பது எவ்வாறு என்று ஐயுற்றதுமுண்டு. நாம் படித்த பிரதியிலே படம் யாதும் இல்லை. வேதாகமத்தின் இறுதியில் பவுலடியாரின் பிரயாணங்களைக் காட்டும் வண்ணப்படம் இருக்கக் கண்டு வளர்ந்தவர்களாதலின், இக்குறை நமக்குப் பெரிதாகத் தோன்றியது. நீண்ட பிரசங்கத்தின்போது அந்தப் படத்தில் விரலோட்டி மால்ட்டாத் தீவு வரை போய்வந்த பிள்ளைகளுள் நாமும் ஒருவர்.

ஆகவே சென்ற விடுமுறையிலே ஒரு பெரிய தாளை விரித்து, கதையைப் படித்துக்கொண்டே படம் வரையலானோம். முதற் பாகம் முடியுமுன்னரே சில உண்மைகள் புலப்பட்டன. கதை தொடங்கும் வீரநாராயண ஏரிக்கரையும், ஆதித்த கரிகாலன் உயிர் துறக்கும் கடம்பூர் மாளிகையும் நம் தாளிலே ஒரு விரலகலத்துள் அடங்கின. அவ்வேரியை அடுத்த காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டே, கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலம் இராசராசன் காலத்திற் பறிக்கப்பட்ட செய்தியைத் தருவது. அங்ஙனமாயின், உல்லாசமாக ஒரு வீரனை ஏரிக்கரையில் உலவவிட்ட முதல் அத்தியாயத்திலேயே, கொலை நிகழப்போகும் நிலத்தின்மீது நம்மை நிறுத்திவிட்டார் ஆசிரியர் என்று தோன்றுகிறது. படமின்றி ஒருமுறை படித்தபோது இது நமக்குச் சிறிதும் புலப்படவில்லை.

இன்னொன்று நம் ஊர்ப் பற்றைப் பற்றியது. கரிகாலனின் பாட்டனாராகிய திருக்கோவலூர் மலையமானின் ஊரைக் குறித்தபின், அங்கே ஓடும் ஆற்றை மேற்கு நோக்கி வரைந்து கொண்டே வந்தோம். சாத்தனூரைக் கடந்து, காவேரிப்பட்டினத்தைக் கடந்து, கிருஷ்ணகிரி அணை, ஒசூர்க் கெலவரப்பள்ளி என்று அது நம் வீட்டு வாயிலுக்கே வந்து சேர்ந்தது! காவிரியை வரைந்தபோதும் அவ்வாறே. கர்நாடகத்திலிருந்து வரும் நீரை அளக்கும் பிலிகுண்டுலு நம் மாவட்டத்து அஞ்செட்டிப் பக்கத்தில் உள்ளது. முதற் பாகத்திற்குப் புதுவெள்ளம் என்று பெயரிட்டாரே கல்கி, அவ்வெள்ளம் சோழநாட்டை அடையுமுன் நம் காட்டெல்லையைத் தொட்டே சென்றிருத்தல் வேண்டும். அந்நியர் கதையென்று எண்ணிப் படித்தது, தாளில் இரண்டு கோடிட்டவுடன் நம் கதையும் ஆயிற்று.

மேனாட்டார் இதன் பயனை முன்பே உணர்ந்தனர். 1726ஆம் ஆண்டில் ஸ்விப்ட் வெளியிட்ட கலிவர் யாத்திரையிலேயே இல்லாத தீவுகளுக்குப் படங்கள் உண்டு. ஸ்டீவன்ஸன் 1881ஆம் ஆண்டு ஸ்காத்லாந்திலே மழைநாளொன்றில் மகன் முறையான சிறுவனோடு விளையாட்டாக ஒரு தீவை வரைய, அப்படத்திலிருந்தே புதையல் தீவு என்னும் கதை பிறந்தது. அச்சுக்கு அனுப்பிய மூலப்படம் காணாமற் போகவே, கதையை மீண்டும் படித்து, அதற்கியையப் புதுப்படம் வரைய நேர்ந்ததாம்.

படம் வைத்தால் வாசகரின் கற்பனை குன்றும் என்று கூறுவாருமுளர். விடுதியிலே நம் நண்பர் ஒருவர் இதுபற்றி இரவு முழுவதும் வாதிட்டார். கல்கியின் சொற்களே காட்சியைத் தரும்போது கோடுகள் எதற்கு என்பது அவர் கட்சி. அதில் ஓரளவு உண்மை உண்டு. பூங்குழலியின் படகு செல்லும் இருட்கடலை எந்தப் படமும் காட்டாது. ஆனால் கோடிக்கரை எங்கேயுளது என்றறியாதவன், அப்பெண் எத்தகைய கடலைக் கடந்தாள் என்பதை அறிவதெப்படி? நாட்டுடைமையானபின் கல்கியின் நூல்களைப் பல பதிப்பகத்தார் அச்சிடுகின்றனர். அட்டைக்குச் செய்யும் செலவிற் சிறிது குறைத்து ஒரு மடிப்புப் படத்தை எல்லாரும் சேர்த்தல் கூடாதா?

பொன்னியின் செல்வன் முற்றுப்பெற்ற அதே 1954ஆம் ஆண்டின் டிசம்பர் 5ஆம் நாள் கல்கி இவ்வுலக வாழ்வை நீத்தார். அகவை 55. அலை ஓசைக்குச் சாகித்திய அக்காதெமிப் பரிசு 1956ஆம் ஆண்டிலே, அவர் மறைந்தபின் அளிக்கப்பெற்றது. அவர் மறைந்த அவ்வாண்டிலேதான் இங்கிலாந்தில் டோல்கியன் என்னும் பேராசிரியர், தாம் படைத்த உலகத்திற்கு மகன் வரைந்த தேசப்படத்துடன் தம் பெருங்கதையின் முதற் பகுதியை வெளியிட்டார். கல்கிக்கும் இன்னும் சில ஆண்டு வாழ்நாள் இருந்திருப்பின், மணியம் அவர்களைக் கொண்டு அப்படியொரு படம் வரைவித்திருப்பாரோ என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நாம் வரைந்த படம் இப்போது விடுதி அறையின் சுவரில் உள்ளது. நாகப்பட்டினத்து மாணவர் ஒருவர் அதனைக் கண்டு, கோடிக்கரையை வடக்கே ஏற்றி வைத்துவிட்டீர் என்று நகைத்து, தம் கைப்படப் பென்சிலால் அதனைக் கீழே இறக்கி வைத்தார். தென்பெண்ணையின் போக்கிலே அவர் கை வைக்கவில்லை.