யார் இந்த லெ ஜென்டில்? காற்றோடு மல்லுக்கட்டி வீராம்பட்டினம் வந்த கதை!

விமானத்தின் வேகம், போக வேண்டிய திசை, காற்றின் வேகம், காற்றின் திசை நான்கையும் ஆப்பில் போட்டா போதும். எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பணும்னு பைலட்டுக்கு உடனே தெரிஞ்சிடும். 1760-ல் சூரியனை வெள்ளி கடப்பதை அளக்க, பிரான்ஸிலிருந்து புதுச்சேரிக்குக் கப்பலேறிய வானியலாளர் கியோம் லெ ஜென்டிலுக்கு அந்த வசதி இல்லை.

பருவக்காற்று இழுத்தடித்தது. வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் வசம். 1761 ஜூன் 6-ல் நடுக்கடலில் வெள்ளியைப் பார்த்தார். ஆனா, கப்பல் நிற்கும் இடமே துல்லியமாகத் தெரியாததால் அளவீடு வீண்.

8 ஆண்டுகள் காத்திருந்தார். 1769-ல் புதுச்சேரியில் மேகம் மறைத்துவிட்டது! 1771-ல் ஊர் திரும்பினால், செத்துட்டார்னு நினைத்து சொத்தைப் பிரிக்கக் கிளம்பியிருந்தார்கள் உறவினர்கள்.

ஆனாலும் ஒன்று மிஞ்சியது. வீராம்பட்டினம் ஆற்றங்கரையில் கிடந்த பழைய பெரிய செங்கற்களை 1769-ல் அவர் பதிவு செய்தார். அதுதான் அரிக்கமேடு, அதே பருவக்காற்றை நம்பி ரோமானியரோடு வணிகம் நடந்த துறைமுகம்.