கடனை மகனிடம் ஒப்படைத்துச் சென்ற ஸஹாபி

 



மதுரையில் ஆட்டோ ஓட்டும், தையல் மெஷின் மிதிக்கும், மாட்டுத்தாவணியில் பூ எடுத்து விற்கும் உங்களில் பலருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறும், மறுவாரமே இறங்கும். பெருநாளுக்கு முன் தையல்காரருக்குத் தூங்க நேரம் இருக்காது. பெருநாள் முடிந்தால் மெஷினில் துணி இருக்காது. வரவு இப்படி ஏறி இறங்கினாலும் தண்டல்காரர் மட்டும் தினமும் தவறாமல் வந்துவிடுவார். நகை அடகில் இருக்கும். கைமாத்து நாலு பேரிடம் இருக்கும். யாருக்கு எவ்வளவு என்பது மனைவிக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. இந்த நிலையில் உள்ளவர்கள் ஹழ்ரத் ஸுபைர் இப்னு அவ்வாம் (ரலி) அவர்களின் வாழ்க்கையை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸுபைர் (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களின் மாமி ஸஃபிய்யா (ரலி) அவர்களின் மகன். சொர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்களை மணந்தபோது அவர்களிடம் இருந்த சொத்து ஒரு குதிரையும் தண்ணீர் இறைக்கும் ஓர் ஒட்டகமும்தான். குதிரைக்குத் தீனி வைத்ததும், தூரத்து நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வந்ததும் அந்த அம்மையார்தான். ஸுபைர் (ரலி) அவர்கள் வாழ்நாளில் எந்த ஆட்சிப் பதவியும் ஏற்கவில்லை, வரி வசூலிக்கும் பொறுப்பும் ஏற்கவில்லை. போர்களில் கிடைத்த பங்குதான் வருமானம். அது எப்போது வரும், எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது.

ஆனால் மக்களுக்கு அவர்கள் மீது அளவற்ற நம்பிக்கை இருந்தது. பணத்தை அமானத்தாகக் கொடுத்துவைக்க வருவார்கள். அவர்களோ அமானத்தாக வாங்க மறுத்து, கடனாகக் கொடுக்கச் சொல்வார்கள். காரணம் என்ன? அமானத் பொருள் பாதுகாத்தவரின் கவனக்குறைவு இல்லாமல் தொலைந்துபோனால், அதை ஈடுகட்டும் பொறுப்பு அவருக்கு இல்லை. கடன் அப்படியல்ல; எது நடந்தாலும் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும். பிறர் காசு வீணாகிவிடக் கூடாது என்று பயந்து, அந்தச் சுமையைத் தம் தலையில் ஏற்றிக்கொண்டார்கள்.

ஹிஜ்ரி 36, அதாவது கி.பி. 656. பஸராவுக்கு அருகே ஜமல் போர். அன்று தாம் கொல்லப்படுவோம் என்று எண்ணிய ஸுபைர் (ரலி) அவர்கள் மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அழைத்தார்கள். தம் பெரிய கவலை கடன்தான் என்றார்கள். சொத்தை விற்று அடைக்கும்படியும், முடியாமல் திணறினால் தம் எஜமானனிடம் உதவி கேட்கும்படியும் வஸிய்யத் செய்தார்கள். அந்த எஜமானன் யார் என்று மகன் கேட்க, அல்லாஹ்தான் என்று பதில் வந்தது.

அவர்கள் ஷஹீதானபோது கையில் ரொக்கம் இல்லை. மதீனாவுக்கு அருகே ஃகாபா என்ற நிலமும், மதீனாவில் 11, பஸராவில் 2, கூஃபாவில் 1, எகிப்தில் 1 என்று வீடுகளும் இருந்தன. மகன் கணக்குப் போட்டார். கடன் அன்றைய நாணயத்தில் 22 லட்சம்! 1,70,000-க்கு வாங்கிய ஃகாபாவைப் பங்கு பங்காகப் பிரித்து 16 லட்சத்துக்கு விற்றார். நெருக்கடி வந்தபோதெல்லாம் தந்தை காட்டிய எஜமானனிடமே கையேந்தினார். அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) அவர்களுக்கு 4 லட்சம் வரவேண்டியிருந்தது. அவர்கள் தள்ளுபடி செய்ய முன்வந்தார்கள், மகன் ஏற்கவில்லை. தவணை தர முன்வந்தார்கள், அதையும் ஏற்கவில்லை. நிலத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துக் கணக்கை முடித்தார்.

கடன் அடைந்ததும் வாரிசுகள் பாகப்பிரிவினை கேட்டார்கள். மகன் சம்மதிக்கவில்லை. தொடர்ந்து நான்கு வருடம் ஹஜ் காலத்தில், தந்தையிடம் கடன் கொடுத்தவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார். அதன் பிறகே சொத்தைப் பிரித்தார்.

நம் ஊர்களிலும் ஜனாஸா தொழுகைக்கு முன், மய்யித்திடம் யாருக்காவது பாக்கி இருந்தால் மகனிடம் கேளுங்கள் என்று அறிவிக்கிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால் தந்தை சொல்லாமல் போயிருந்தால், அந்த ஒரு நிமிட அறிவிப்பை வைத்து மகன் என்ன செய்வான்? வந்து கேட்பவர் சொல்வது உண்மையா என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

இதெல்லாம் ஸஹாபாக்களால்தான் முடியும் என்று எண்ணாதீர்கள். நம் தென்பாண்டிச் சீமையில் வாழ்ந்த வ.உ.சி.யைப் பாருங்கள். 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அதற்குத் தலைவராக இருந்தார். சிறை சென்று 1912-ல் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. பிறகு சன்னது திரும்பக் கிடைத்தும் நிலையான வருமானம் அமையவில்லை. 1936-ல் மரணத்துக்கு முன் எழுதிய உயிலில், ஜவுளிக்கடை பாக்கி முதல் சில்லறைக் கடன் வரை குறித்துவைத்தார். கடனை எழுதிவைப்பதில் அவர் கூச்சப்படவில்லை.

கடனை எழுதிவைக்கும்படி குர்ஆன் நமக்குக் கட்டளையிடுகிறது. எனவே இன்றே ஒரு நோட்டு எடுங்கள். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் வாங்கியது என்று எழுதுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது காட்டுங்கள். வாடிக்கையாளர் தந்த அட்வான்ஸைச் செலவழித்துவிட்டால் அதையும் கடனாகவே எழுதுங்கள். கை நிறைய வரும் மாதத்தில் கடனுக்கான பங்கை முதலில் எடுத்து வையுங்கள். வட்டி ஹராம், அதிலிருந்து முதலில் வெளியே வாருங்கள். கந்துவட்டிக்காரர் மிரட்டினால் ஒளிந்து வாழாதீர்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் அதற்கெதிராகத் தனிச் சட்டமே இருக்கிறது. தவணை தவறும் என்று தெரிந்தால், கடன் தந்தவர் தேடி வரும் முன் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

கடன் கொடுத்தவர்களே! கஷ்டத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுப்பது அல்லாஹ் உங்களுக்கு இட்ட கட்டளை. அதை மறந்துவிடாதீர்கள்.

வல்ல ரஹ்மான் நம் கடன்களை நம் கையாலேயே அடைக்கும் தவ்ஃபீக்கைத் தருவானாக! ஹலாலான ரிஸ்கில் பரக்கத் செய்வானாக! நம் பிள்ளைகள் மீது தெரியாத சுமையை விட்டுச் செல்வதிலிருந்து நம்மைக் காப்பானாக! ஆமீன்.