மறைந்து நின்ற கலைஞர் பன்சி சந்திரகுப்தா

தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் உரிப்பொருளே கவிதையின் உயிர். எனினும் நிலமும் பொழுதும் கருப்பொருள்களும் பொருந்தி அமையாவிடில் அவ்வுயிர் தங்குவதற்கு உடல் இல்லை. திரைப்படத்தில் அவ்வுடலைச் சமைப்பவர் கலை இயக்குநர். இந்தியத் திரையுலகில் இப்பணியை நுண்கலையாக உயர்த்தியவருள் முதன்மையானவர் பன்சி சந்திரகுப்தா.

இன்று பாகிஸ்தானில் உள்ள சியால்கோட்டில் 1924இல் பிறந்த பன்சி, காஷ்மீரத்தில் வளர்ந்தார். ஓவியராக வேண்டும் என்பதே அவரது இளமைக் கனவு. ஓவியர் சுபோ தாகூரின் தொடர்பு அவரைக் கல்கத்தாவிற்கு அழைத்து வந்தது. 1947இல் சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலியோருடன் இணைந்து கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் வங்காளத்தில் 'தி ரிவர்' (1951) படத்தை உருவாக்கியபோது, கலை இயக்குநர் யூஜின் லூரியேயின் கீழ்ப் பணியாற்றும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. தீட்டிய திரைச்சீலைகளும் நாடகமேடைச் சாயலும் மலிந்திருந்த காலத்தில், உண்மையான பொருள்களின் இயல்பை உற்றுநோக்கும் பயிற்சியை அங்கே பெற்றார்.

ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) அப்பயிற்சியின் முதற்கனி. கல்கத்தாவை அடுத்த போரால் சிற்றூரில் சிதிலமுற்ற வீடொன்று கதைக்கேற்பச் செப்பனிடப்பட்டது. பகற்காட்சிகள் அங்கும் இரவுக்காட்சிகள் படப்பிடிப்புக் கூடத்திலும் எடுக்கப்பட்டன. எது மெய்வீடு, எது புனைவீடு என்று பார்ப்பவர் பிரித்தறியவில்லை. வங்க மண்ணில் பிறவாத ஒருவர் சமைத்த வறிய அந்தணர் இல்லத்தை வங்காளிகள் தம் மூதாதையர் இல்லமாகவே கண்டனர் என்பது எண்ணி வியத்தற்குரியது.

அடுத்து வந்த 'அபராஜிதோ'வில் (1956) காசி நகரத்து வீட்டின் உள்முற்றம் தேவைப்பட்டது. அதனைத் திறந்தவெளியில் அமைக்கவே பன்சி எண்ணியிருந்தார். மழைக்காலம் குறித்த அச்சத்தால் கல்கத்தாவில் கூடத்தினுள்ளேயே அமைக்க நேர்ந்தது. மேலிருந்து பரவும் நிழலற்ற வானொளியைக் கூடத்தினுள் உண்டாக்குதல் இயலாது என்று ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா வாதிட்டார், அவ்வாதம் எடுபடவில்லை. பின்னர் மித்ராவே முற்றத்தின்மேல் வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பச் செய்து வெற்றி கண்டார். ஒளிப்பதிவில் ஒரு புதுநெறி இங்ஙனம் பன்சியின் முற்றத்தில் பிறந்தது.

'ஜல்சாகர்' (1958) படத்தின் வெளிக்காட்சிகளுக்கு முர்ஷிதாபாத் மாவட்டத்து நிம்திதா அரண்மனை அமைந்தது. ஆயினும் கதையின் நடுநாயகமாகிய இசைமண்டபத்தைக் கல்கத்தாவில் பன்சியே சமைத்தார். 'சாருலதா'வின் (1964) மாளிகை பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்கத்தாவின் செல்வ வாழ்வையும், அதனுள் ஒரு பெண் உற்ற தனிமையையும் ஒருங்கே காட்டுவது. சாளரத்திற்குச் சாளரம் நடந்து தெருவை நோக்கும் சாருவின் ஏக்கத்தில் நடிகைக்கும் இயக்குநருக்கும் உள்ள பங்கு, அச்சாளரங்களை அமைத்தவருக்கும் உண்டு. 'நாயக்' (1966) படத்தின் தொடர்வண்டிப் பெட்டியும் கூடத்தினுள் எழுப்பப்பட்டதே.

மிருணாள் சென்னின் 'பைஷே ஷ்ராவண்' (1960) படத்திற்கும் அவரே கலை இயக்குநர். பின்னர் மும்பைக்குப் பெயர்ந்து இந்திப் படங்களில் பணியாற்றினார். 'சத்ரஞ்ச் கே கிலாடி' (1977) அவரை மீண்டும் ராயுடன் இணைத்தது. 1981இல் வெளிவந்த மூன்று படங்கள் அவரது வீச்சுக்குச் சான்று: 'உம்ராவ் ஜான்' லக்னோவின் பழைய மாட்சியையும், 'சக்ரா' மும்பைச் சேரியையும், '36 சௌரங்கி லேன்' ஆங்கிலோ-இந்திய ஆசிரியை ஒருவரின் தனித்த குடியிருப்பையும் காட்டுவன. மூன்றிற்கும் உழைத்த கை ஒன்றே என்று படங்களை மட்டும் கண்டவர் கூறவியலாது.

அவ்வாண்டு ஜூன் திங்களில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பன்சி காலமானார். 'சக்ரா'வுக்கான பிலிம்பேர் விருது அவர் மறைவுக்குப் பின்னரே வழங்கப்பட்டது. ராயின் புகழ் பரவிய அளவுக்கு அவர் பெயர் பரவவில்லை. அவரது கலையின் இயல்பும் அதற்கு ஒரு காரணம்: சுவர் சுவராகவே தோன்றும்போது, அதைக் கட்டியவரை எவரும் வினவுவதில்லை. சொல்லடுக்கும் அணிநயமும் தம்மைத் தாமே காட்டிக்கொள்ளும் கவிதைகள் மிகுந்துள்ள இந்நாளில், உரிப்பொருள் விளங்கத் தாம் மறைந்து நின்ற இக்கலைஞரின் வாழ்வு பாப்புனைவோர் எண்ணிப் பார்க்கத் தக்கது.