ரெயில் கதவு மூடியது. மாட்டு வண்டியில் புறப்பட்டார் சிவா

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ரெயில் பாதையில் கிள்ளை என்று ஒரு சின்ன ஸ்டேஷன். பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டைப் பார்க்க வருகிறவர்கள் அங்கே இறங்கலாம். நடக்க முடியாத ஒருவரை வெளியூரிலிருந்து சக்கர நாற்காலியோடு ரெயிலில் அழைத்து வருவது இன்றைக்கும் சிரமம்தான். பெட்டியின் படி உயரம். தூக்கி ஏற்ற ஆள் வேண்டும். ஆனாலும் அவருக்கு டிக்கெட் உண்டு. கட்டணத்தில் சலுகை உண்டு. பல ரெயில்களில் தனி இடமும் உண்டு.

ரெயிலில் ஏறவே கூடாது என்று ஒரு பெரிய தேசபக்தரைத் தடுத்த காலம் இருந்தது. அவர்தான் சுப்பிரமணிய சிவா.

சிவா 1884-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி வத்தலக்குண்டில் பிறந்தார். தந்தை ராஜம் அய்யர். தாய் நாகம்மாள். 1908-ல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சிவாவும் சேர்ந்து முழங்கினார்கள். கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெள்ளைக்கார அரசாங்கம் மார்ச் மாதம் இருவரையும் பிடித்து உள்ளே போட்டது. சிவாவுக்கு 10 ஆண்டு தண்டனை. ஐகோர்ட்டு அதை 6 ஆண்டாகக் குறைத்தது.

ஜெயிலுக்குள் போனபோது அவருக்கு வயது 23. 1912 நவம்பரில் வெளியே வந்தபோது உடம்பில் தொழுநோய் இருந்தது.

அந்தக் காலத்தில் அதற்குச் சரியான மருந்து கிடையாது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று ஜனங்கள் பயந்தார்கள். தொற்றுநோய் உள்ளவரை ஏற்ற மறுக்க 1890-ம் ஆண்டு ரெயில்வே சட்டம் இடம் கொடுத்தது. சிவாவுக்கு ரெயில் கதவு மூடியது. நோயைக் கொடுத்தது ஜெயில். அதையே காரணம் காட்டி ரெயிலில் ஏற்ற மறுத்ததும் அதே அரசாங்கம்! இந்த அநியாயத்தை என்னவென்று சொல்வது?

சிவா வீட்டில் முடங்கவில்லை. புண்களைத் துணியால் மூடிக்கொண்டார். கட்டை வண்டியில் ஏறினார். வண்டி கிடைக்காத இடத்தில் நடந்தார். சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கிலோமீட்டர். ரெயிலில் ஒரு ராத்திரிப் பயணம். மாடு ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் இழுத்தால் 15 நாள் ஆகும். குண்டும் குழியுமான பாதையில், விரல்கள் புண்ணாகிப்போன ஒருவர் அப்படிப் போவதை எண்ணிப் பாருங்கள். போன ஊரிலெல்லாம் சுதந்திரத்தைப் பற்றியே பேசினார்.

1913-ல் ‘ஞானபாநு’ என்ற பத்திரிகை தொடங்கினார். அதில் பாரதியார் எழுதினார். 1915-ல் மனைவி மீனாட்சி காலமானார். 1921-ல் காவி உடுத்தினார்; மறுபடியும் சிறை கண்டார்.

பிறகு தர்மபுரிக்குப் பக்கத்தில் பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஒரு கோவில் கட்ட ஆசைப்பட்டார். 1923-ல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். பணம் திரட்ட வேண்டுமே! நோயாளி மறுபடியும் ஊர் ஊராக அலைந்தார்.

இப்போது தொழுநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். 6 மாதத்திலோ 12 மாதத்திலோ குணமாகிவிடுகிறது. தொற்று நீங்கியவர் சிகிச்சைக்குப் போக ரெயில்வேயே கட்டணத்தைக் குறைக்கிறது. அந்த மருந்து வர சிவாவுக்குப் பிறகு பல ஆண்டுகள் ஆயின.

1925-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி பாப்பாரப்பட்டியில் அவர் உயிர் பிரிந்தது. வயது 40. கோவில் அப்போது எழும்பியிருக்கவில்லை. இன்று அந்த ஊரில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.