நிலநடுக்கத்தை அளந்த ஓல்டாம்

எங்கள் ஊரூர் ஒல்காட் குப்பத்தில் பூகம்பம் என்றால் 2004 டிசம்பர் 26 தான் எல்லோர் நினைவுக்கும் வரும். அன்று காலை ஆறரை மணியளவில் சுமத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் முறிந்தது. சென்னைக்கு வந்தது இலேசான ஆட்டம்தான். ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் கழித்து வந்த அலைதான் குப்பத்தைக் கலக்கியது. அதைப் பற்றிப் படிக்கப் புகுந்தபோது, இதே வங்கக் கடலின் பூகம்பம் ஒன்றை 19ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்த ஒருவரைப் பற்றி அறிந்தேன். அவரே ரிச்சர்டு டிக்சன் ஓல்டாம்.

1858இல் டப்ளின் நகரில் பிறந்தார். தந்தையார் தாமஸ் ஓல்டாம் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தலைவராக இருந்தவர். மகனும் 1879இல் அத்துறையில் சேர்ந்தார். 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே, இந்தியத் தட்டு கிழக்கே உள்ள தட்டின் அடியில் புகும் எல்லையில், கடலடி நிலம் அதிர்ந்தது. சென்னை உட்பட வங்கக் கடலைச் சுற்றிலும் 8 இடங்களில் கடல்மட்டத்தைப் பதியும் கருவிகள் அந்த அலையை வரைந்துவிட்டன. மிகுந்த உயரம் 0.8 மீட்டர். இந்தப் பூகம்பம் பற்றிய ஓல்டாமின் குறிப்பு 1884இல் வெளிவந்தது.

அலைக்குக் கருவி இருந்தது. நிலம் எவ்வளவு வேகமாக உலுக்கப்பட்டது என்பதை அளக்கக் கருவி இல்லை. கட்டடம் நிற்குமா விழுமா என்று தீர்மானிப்பதோ அந்த உலுக்கல்தான்!

1897 ஜூன் 12 மாலை அஸ்ஸாமில் பெரும் பூகம்பம் நேர்ந்தது. இது கடலடியில் நிகழ்ந்ததன்று. ஷில்லாங்கின் கல் கட்டடங்கள் தரைமட்டமாயின. சுமார் 1,500 பேர் மாண்டனர். ஓல்டாம் அங்கே சென்று, விழுந்து கிடந்த தூண்களையும் கல்லறைச் சின்னங்களையும் அளந்தார். கணக்கு எளியது. உயரத்தில் மூன்றிலொரு பங்கு அகலமுள்ள தூண் கவிழ வேண்டுமானால், நிலத்தின் முடுக்கம் புவியீர்ப்பில் மூன்றிலொரு பங்கையாவது எட்டியிருக்க வேண்டும். தோராயக் கணக்குத்தான்; ஆனால் கையில் வேறென்ன இருந்தது?

அதைவிட வியப்பானது பாறாங்கற்கள் சொன்ன செய்தி. மண்ணில் புதைந்திருந்த கற்கள், தாம் கிடந்த குழியின் விளிம்பு சிதையாமலே வெளியே எறியப்பட்டிருந்தன. உருண்டு வந்திருந்தால் விளிம்பு உடைந்திருக்கும். ஆகவே நிலம் அவற்றை மேலே தூக்கி எறிந்திருக்கிறது. அதன் முடுக்கம் புவியீர்ப்பையே மிஞ்சியிருக்கிறது. அவருடைய பேரறிக்கை 1899இல் வெளியாயிற்று.

இதே பூகம்பத்தை ஐரோப்பியக் கருவிகள் தொலைவிலிருந்து பதிவு செய்திருந்தன. அப்பதிவுகளில் மூவகை அலைகளை அவர் பிரித்துக் காட்டினார். 1903இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்ற பின், 1906இல் பூமிக்கு உட்கரு உண்டென்று அலைகளைக் கொண்டே நிறுவினார். பாடநூல்கள் அவரை இதற்காகத்தான் நினைக்கின்றன. எனக்கோ ஷில்லாங் கற்களை ஆராய்ந்த ஓல்டாமே பெரியவராகத் தெரிகிறார்.

பலத்த அதிர்வை அருகிலிருந்தே பதியும் கருவி, 1933இல் கலிபோர்னியாவின் லாங் பீச் பூகம்பத்தில்தான் முதலில் பயன் தந்தது. அப்போது ஓல்டாம் உயிரோடிருந்தார்; 1936இல் காலமானார். 1980களில் ரூர்க்கி பல்கலைக்கழகத்தார் அதே ஷில்லாங் பகுதியில் இத்தகைய கருவிகளை நிறுவினர். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில், ஒரு தட்டு மற்றொன்றின் அடியில் புகும் எல்லையில், 9.0 அளவுள்ள பூகம்பம் எழுந்தபோது, சுகிடாதே என்னும் ஊரின் கருவி புவியீர்ப்பைப் போல் 2.7 மடங்கு முடுக்கத்தைக் காட்டியது.