ஏக்கத்தில்தான் இறந்தாரா ஹோவி மொரென்ஸ்? மான்ட்ரியல் ரசிகர்கள் இன்றும் சொல்லும் கதை

ஒரு வீரர் இறந்துபோகிறார். அவருடைய இறுதிச்சடங்கை அவர் விளையாடிய அரங்கத்துக்குள்ளேயே நடத்துகிறார்கள். 1937 மார்ச் 11 அன்று கனடாவின் மான்ட்ரியல் நகரில் இது நடந்தது. ஃபோரம் என்ற பனி ஹாக்கி அரங்கின் நட்டநடுவில் சவப்பெட்டி. சுற்றிலும் காவலாக அணித் தோழர்கள். வழக்கமாகக் கத்தித் தீர்க்கும் கேலரிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அன்று அவருக்கு அஞ்சலி செலுத்தியவர்கள் சுமார் 50,000 பேர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

இறந்தவர் ஹோவி மொரென்ஸ். வயது 34. ஆறு வாரங்களுக்கு முன்பு அதே அரங்கில்தான் கால் முறிந்து கீழே விழுந்தார்.

கால் முறிந்தால் ஒருவர் செத்துப்போவாரா? மான்ட்ரியல்காரர்கள் அன்றே ஒரு பதில் வைத்திருந்தார்கள். இனி விளையாட முடியாதே என்ற ஏக்கத்தில் மனசு உடைந்து செத்துட்டார். கிட்டத்தட்ட 90 வருஷம் கழித்தும் இந்தக் கதை அங்கே உயிரோடுதான் இருக்கிறது. இது உண்மையா என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த ஊர் இவர்மேல் ஏன் இப்படி உயிரை விட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வரவே மாட்டேன் என்றவர்

1902-ல் ஒன்டாரியோ மாகாணத்தின் மிட்செல் என்ற சின்ன ஊரில் பிறந்தவர் மொரென்ஸ். ஜெர்மன் வம்சாவளிக் குடும்பம், வீட்டில் பேசுவது ஆங்கிலம். பக்கத்து ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் ரயில்வே பட்டறையில் தொழில் பழகிக்கொண்டே உள்ளூர் அணிக்கு ஆடினார். ஆள் உயரமும் இல்லை, பருமனும் இல்லை. ஆனால் பனியில் சறுக்கும் வேகத்தில் அவரைப் பிடிக்க ஆளில்லை.

1923-ல் மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணியின் உரிமையாளர்களில் ஒருவரான லியோ டாண்டுரண்ட் அவரை ஒப்பந்தம் செய்தார். கையெழுத்துப் போட்ட பிறகு மொரென்ஸுக்கு பயம் வந்துவிட்டது. நான் அவ்வளவு பெரிய ஆட்டக்காரன் இல்லை, ஊரை விட்டு வர மனசில்லை என்று கடிதம் எழுதி, முன்பணக் காசோலையையும் திருப்பி அனுப்பிவிட்டார். டாண்டுரண்ட் விடவில்லை. நேரில் வரவழைத்துப் பேசினார். ஒப்பந்தத்தை மீறினால் இனி எங்கேயும் ஆட முடியாது என்றும் சொல்லிப் பார்த்தார். கண்ணீரோடுதான் ஒப்புக்கொண்டார் அந்தப் பையன்.

அந்த முதல் சீசனிலேயே, 1924-ல், கனேடியன்ஸ் ஸ்டான்லி கோப்பையை வென்றது. பனி ஹாக்கியில் அதுதான் உச்சக் கோப்பை.

மான்ட்ரியல் அப்போது இரண்டு மொழிகளின் ஊர். ஆங்கிலம் பேசுபவர்களுக்கு மரூன்ஸ் என்று ஒரு அணி. பிரெஞ்சு பேசும் உழைக்கும் மக்களுக்கு கனேடியன்ஸ். ஆக, ஆங்கிலம் பேசும் ஒன்டாரியோ பையன் பிரெஞ்சுக்காரர்களின் அணியில் வந்து சேர்ந்திருக்கிறார். ஃபோரத்தின் மலிவு விலை இருக்கைகளை நிரப்பியவர்களுக்கு மில்லியனர்கள் என்று கிண்டலாக ஒரு பெயர் உண்டு. பாக்கெட்டில் காசு இருக்காது, தொண்டையில் சத்தம் இருக்கும். இவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது அந்த மில்லியனர்கள்தான். மொழி ஒரு தடையாகவே இல்லை.

காரணம் அவருடைய ஓட்டம். இங்கே கொஞ்சம் விதிகளைச் சொல்லணும். 1929 வரை அந்த ஆட்டத்தில் பந்தை, அதாவது பக் எனப்படும் ரப்பர் வட்டை, முன்னால் நிற்பவருக்குத் தள்ளிவிடுவதற்கு நிறையக் கட்டுப்பாடு இருந்தது. அதனால் ஒருவரே வட்டை எடுத்துக்கொண்டு, எதிரணியை ஊடுருவிக்கொண்டு போவதுதான் ஆட்டத்தின் அழகு. மொரென்ஸ் தன் பக்கக் கோல் அருகிலிருந்து கிளம்பினால் அரங்கமே எழுந்து நிற்கும். விதி மாறிய 1929-30 சீசனில் 44 ஆட்டங்களில் 40 கோல் அடித்தார். லீகின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருது 1928, 1931, 1932 என மூன்று முறை கிடைத்தது. 1930, 1931 இரண்டு வருஷமும் ஸ்டான்லி கோப்பை. இதில் 1931 கொஞ்சம் சுவாரசியம். பிளே ஆஃப் முழுக்க அவருக்கு ஒரு கோல்கூட விழவில்லை. கடைசியில் இறுதிப்போட்டியின் கடைசி ஆட்டத்தில் ஒன்று அடித்தார், கோப்பை வந்தது.

தோற்ற இரவுகளில் இவர் தூங்கமாட்டாராம். விடியும்வரை தெருத்தெருவாக நடந்து, எங்கே தப்பு நடந்தது என்று யோசித்துக்கொண்டிருப்பார் என்று அவருடன் ஆடியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் குணத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைதட்டியவர்களே கூச்சல் போட்டார்கள்

வேகத்தை மட்டுமே நம்பி ஆடுபவருக்கு முதல் எதிரி கணுக்கால். 1933-34 சீசனில் அது காயப்பட்டது. திரும்பி வந்தபோது பழைய வேகம் இல்லை. சீசன் முழுக்க 8 கோல்தான். அப்போது சில ரசிகர்கள் அவரைப் பார்த்தே கூச்சல் போட்டார்கள். ரசிகர்களின் விசுவாசம் பற்றிப் பேசும்போது இந்தப் பகுதியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது சரியில்லை. கொண்டாடிய அதே கேலரியிலிருந்துதான் அந்தச் சத்தமும் வந்தது.

பொருளாதார மந்தநிலைக் காலம் அது. அணிக்கும் பணமுடை. 1934 அக்டோபரில் மொரென்ஸை சிகாகோ பிளாக் ஹாக்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஊரே கொதித்தது. போன பிறகுதான் அருமை தெரியும் என்பார்களே, அதுதான். சிகாகோ சட்டையில் அவர் ஃபோரத்துக்கு வந்து, கனேடியன்ஸ் அணிக்கு எதிராகவே கோல் அடித்தார். மான்ட்ரியல் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். சொந்த அணி வாங்கிய கோலுக்குக் கைதட்டிய கூட்டம்!

சிகாகோவில் அவர் ஒட்டவே இல்லை. 1936 ஜனவரியில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்கு மாற்றினார்கள். அங்கே 19 ஆட்டம், 2 கோல். முடிந்துபோன ஆட்டக்காரர் என்று எல்லோரும் எழுதிவிட்ட நேரத்தில், கனேடியன்ஸ் அணிக்கு செசில் ஹார்ட் மீண்டும் பயிற்சியாளரானார். 1930, 1931 கோப்பைகள் வந்தது இவருடைய காலத்தில்தான். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. மொரென்ஸைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

1936-37 சீசனில் மொரென்ஸ் ஊர் திரும்பினார். அதே 7-ம் எண் சட்டை. பழைய கூட்டாளிகள் ஒரேல் ஜோலியாவும் ஜானி கேக்னனும் இரண்டு பக்கமும். 30 ஆட்டங்களில் 4 கோல்தான் அடித்தார், ஆனால் 16 கோல்களுக்கு வட்டை எடுத்துக்கொடுத்தார். வேகம் முழுசாக வரவில்லை, பக்குவம் வந்திருந்தது. அணி மறுபடி மேலே ஏறியது. மில்லியனர்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஜனவரி 28, 1937

அன்று ஃபோரத்தில் எதிரணி சிகாகோ. வட்டைத் துரத்திக்கொண்டு மூலைக்குப் போன மொரென்ஸ் நிலைதடுமாறி விழுந்தார். பனித்தளத்தைச் சுற்றி மரத்தடுப்பு இருக்கும். அவருடைய ஸ்கேட்டின் கத்திமுனை அதில் போய்க் குத்தி மாட்டிக்கொண்டது. பின்னாலேயே வேகமாக வந்த எர்ல் சீபெர்ட், நல்ல வாட்டசாட்டமான தடுப்பாட்டக்காரர், நிறுத்த முடியாமல் அவர்மேல் விழுந்தார். இடது கால் பல இடங்களில் முறிந்தது.

சீபெர்ட் வேண்டுமென்று செய்யவில்லை என்பதில் அன்றும் இன்றும் பெரிய சர்ச்சை இல்லை. ஆனாலும் பிறகு மான்ட்ரியலில் ஆட வந்தபோதெல்லாம் கூச்சல்தான் அவரை வரவேற்றது. அந்த இரவு வாழ்நாள் முழுக்க அவரை விடவே இல்லை.

மொரென்ஸை செயின்ட் லூக் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அடுத்து நடந்ததை ஒரு திருவிழா என்றே சொல்லலாம். அணித் தோழர்கள், எதிரணிக்காரர்கள், பத்திரிகையாளர்கள், முகம் தெரியாத ரசிகர்கள் என்று அறையில் எந்நேரமும் கூட்டம். கடிதம் குவிந்தது, பூ குவிந்தது. வந்தவர்கள் கால் கட்டின்மேல் கையெழுத்துப் போட்டார்கள். பாட்டில்களும் வந்தன. சிகரெட்டும் சிரிப்புமாக அவர் படுத்திருக்கும் புகைப்படங்கள் இருக்கின்றன.

கூட்டம் கிளம்பிய பிறகு? தோற்ற இரவில் தூங்காத மனிதர், கட்டிலைவிட்டு இறங்க முடியாமல் வாரக்கணக்கில் படுத்திருக்கிறார். 34 வயதில் இப்படி உடைந்த கால் பழைய மாதிரி ஆகாது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நடந்து திரிந்து மனசை ஆற்றிக்கொள்ளும் வழியும் இல்லை. மனநிலை மோசமாகி நரம்புத் தளர்ச்சிக்கு ஆளானார். கடைசியில் மருத்துவர்கள் குடும்பத்தினர், நெருங்கியவர்கள் தவிர வேறு யாரும் பார்க்க வரக்கூடாது என்று நிறுத்த வேண்டிவந்தது. அன்போடு வந்தவர்கள்தான் எல்லோரும். அவருக்கு அப்போது ஓய்வு தேவை என்று யோசித்தவர்கள் குறைவு, அவ்வளவுதான். இன்று காயம்பட்ட வீரரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் எப்போ திரும்பி வருவீங்க என்று ஆயிரம் பேர் கேட்பதும் கிட்டத்தட்ட இதே ரகம்.

மார்ச் 8 இரவு. கட்டிலிலிருந்து எழுந்திருக்க முயன்றவர் அப்படியே சரிந்து விழுந்தார். உயிர் பிரிந்துவிட்டது.

மருத்துவம் என்ன சொல்கிறது?

இதயம் நின்றுவிட்டது என்பதுதான் அன்று வெளியே வந்த செய்தி. இதயம் என்ற ஒரு சொல் போதுமே, ஊர் மீதியை நிரப்பிக்கொண்டது. ஆனால் இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம் ரத்தக்கட்டி.

கால் எலும்பு முறிந்து, கட்டுப்போட்டு, வாரக்கணக்கில் அசையாமல் படுத்திருந்தால் காலின் ஆழ்ந்த ரத்தநாளங்களில் ரத்தம் தேங்கி உறையும். அடிபட்ட இடம் என்பதால் உறைவதும் வேகமாக நடக்கும். அந்தக் கட்டி அங்கேயே இருந்தால் வீக்கம், வலி. பிய்த்துக்கொண்டு கிளம்பினால்தான் ஆபத்து. ரத்த ஓட்டத்தோடு இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரல் குழாய்க்குப் போய் அடைத்துக்கொள்ளும். பெரிய கட்டியாக இருந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். நெடுநாள் படுத்திருந்தவர் எழுந்து நின்றவுடன் விழுந்து இறப்பது இதன் அடையாளங்களில் ஒன்று.

இப்போது எலும்பு முறிவு அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாளே நோயாளியை எழுப்பி நடக்கவைக்கப் பார்க்கிறார்களே, வயிற்றில் ஒரு சின்ன ஊசி போடுகிறார்களே, எல்லாம் இதைத் தடுக்கத்தான். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் வேலை 1930-களின் நடுவில்தான் தொடங்கியிருந்தது. அதில் முன்னணியில் இருந்த ஊர்களில் ஒன்று, அதே கனடாவின் டொரன்டோ. ஆனால் 1937 மார்ச்சில் அது சாதாரண மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை.

அப்போ ஏக்கம் என்பது வெறும் கட்டுக்கதையா? உயிரைப் பறித்தது கட்டி என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அவருடைய ஏக்கமும் பொய்யில்லை. இறுதிவரை ஜோலியா நம்பியது ஏக்கத்தைத்தான். பக்கத்திலேயே 10 வருஷத்துக்கு மேல் ஆடிய மனிதர் சொல்லும்போது ஊர் மருத்துவர் பேச்சையா கேட்கும்?

இறந்த பிறகும் விடவில்லை

மனைவி மேரியும் மூன்று பிள்ளைகளும் தனித்து நின்றார்கள். இன்றுபோல காப்பீடும் ஓய்வூதியமும் ஆட்டக்காரர்களுக்கு இல்லாத காலம். 1937 நவம்பர் 2 அன்று அந்தக் குடும்பத்துக்காக ஃபோரத்தில் ஒரு காட்சி ஆட்டம் நடந்தது. எலியும் பூனையுமாக இருந்த கனேடியன்ஸும் மரூன்ஸும் ஒரே அணியாக இறங்கின. எதிரே லீகின் நட்சத்திர வீரர்கள். 6-5 என்று நட்சத்திர அணி ஜெயித்தது. டிக்கெட் பணம் குடும்பத்துக்குப் போனது. 7-ம் எண் சட்டையை இனி யாரும் அணியமாட்டார்கள் என்று அணி அறிவித்தது. கனேடியன்ஸ் வரலாற்றில் அப்படி ஓய்வு பெற்ற முதல் எண் அதுதான்.

1945-ல் ஹாக்கி புகழரங்கம் தன் முதல் பட்டியலை வெளியிட்டபோது அதில் மொரென்ஸ் இருந்தார். 1950-ல் கனடிய பத்திரிகையாளர்கள் வாக்களித்து, அரை நூற்றாண்டின் மிகச் சிறந்த ஹாக்கி வீரராக அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

அவருடைய மகள் மார்லீன் கல்யாணம் செய்துகொண்டது யாரை தெரியுமா? கனேடியன்ஸ் அணியின் இன்னொரு நட்சத்திரம் பெர்னி ஜெஃப்ரியனை. அவருடைய 5-ம் எண்ணுக்கும் ஓய்வு கொடுக்க அணி முடிவு செய்தது. விழா 2006 மார்ச் 11. மாமனாரின் இறுதிச்சடங்கு நடந்த அதே தேதி. விழா நாளின் காலையிலேயே ஜெஃப்ரியன் காலமானார். அன்று இரவு, மேலே தொங்கிக்கொண்டிருந்த 7-ம் எண் பதாகையைப் பாதி தூரம் கீழே இறக்கி, 5-ம் எண் பதாகையோடு சேர்த்து இரண்டையும் ஒன்றாக ஏற்றினார்கள்.

2012-ல் கனேடியன்ஸ் அணிக்கு வந்த பிளேக் ஜெஃப்ரியன் என்ற இளைஞர் 57-ம் எண் சட்டையைக் கேட்டு வாங்கினார். தாத்தாவின் 5, கொள்ளுத்தாத்தாவின் 7. அதே வருஷம் நவம்பரில், மான்ட்ரியலில் நடந்த ஒரு ஆட்டத்தில் அவருக்கு மண்டையோடு உடைந்தது. அவசர அறுவைச் சிகிச்சையில் பிழைத்துக்கொண்டார். அடுத்த வருஷமே ஆட்டத்தை விட்டுவிட்டார்.