காரின் தட்டலை நிறுத்தியவர்
தாமஸ் மிட்ஜ்லியின் கதை

புதுச்சேரிக்கு வடக்கே, கடலை ஒட்டி இருக்கிறது காலாப்பட்டு. சென்னைக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. இரவும் பகலும் கார்கள் பறந்த வண்ணம் இருக்கின்றன.

அவற்றில் பழைய கார்களும் உண்டு. பாரம் ஏற்றி வேகம் கூட்டினால் எஞ்சின் டக் டக் என்று தட்டும். சைலன்சர் புகை கக்கும். இப்படிப்பட்ட கார்களுக்கென்றே மோட்டார் சாமான் கடைகளில் சின்னச் சின்ன டப்பாக்கள் விற்கிறார்கள். பெட்ரோலில் ஊற்றினால் எஞ்சினுக்குப் புது உயிர் வரும் என்று சொல்கிறார்கள்.

பெட்ரோலில் மருந்து கலந்து உலகப் புகழ் பெற்ற ஒருவர் இருந்தார். அவர் பெயர் தாமஸ் மிட்ஜ்லி. அமெரிக்கர். அவருடைய மருந்து நன்றாகவே பலித்தது. அதனால்தான் உலகத்துக்கே ஆபத்து வந்தது!

எஞ்சினுக்கு வந்த நோய்

மிட்ஜ்லி 1889-ம் ஆண்டு மே மாதம் 18-ந்தேதி பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் எந்திரப் படிப்புப் படித்து, 1911-ல் பட்டம் பெற்றார். 1916-ல் டேட்டன் நகரில், சார்லஸ் கெட்டரிங் என்ற நிபுணரின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தக் காலத்து எஞ்சின்களுக்கு ஒரு நோய் இருந்தது. எஞ்சினுக்குள் பெட்ரோல் ஆவி சீராக எரிய வேண்டும். அப்படி எரியாமல், ஒரு பகுதி தானாகவே பட்டென்று வெடித்தது. சுத்தியலால் அடிப்பது போல் சத்தம் கேட்டது. சக்தி குறைந்தது. சில சமயம் பிஸ்டனும் சேதம் அடைந்தது.

இதற்கு மருந்து தேடும் வேலை மிட்ஜ்லிக்குக் கிடைத்தது.

எரிபொருளுக்குச் சிவப்பு நிறம் கொடுத்தால் அது சரியாக எரியும் என்று முதலில் நினைத்தார்கள். சிவப்புச் சாயம் கைவசம் இல்லை. அலமாரியில் அயோடின் இருந்தது. மிட்ஜ்லி அதையே எடுத்துக் கலந்தார். என்ன ஆச்சரியம்! தட்டல் நின்றுவிட்டது.

பிறகு உண்மையான சாயங்களைக் கலந்து பார்த்தார். பலன் இல்லை. வேலை செய்தது நிறம் அல்ல, அயோடின்தான் என்பது தெரிந்தது. ஆனால் அயோடின் விலை அதிகம். உலோகத்தையும் அரித்தது.

தேடல் ஆண்டுக் கணக்கில் நீடித்தது. டெலூரியம் என்ற பொருளைச் சோதித்தபோது அவர் உடம்பெல்லாம் பூண்டு நாற்றம். எத்தனை முறை குளித்தும் போகவில்லை!

1921-ம் ஆண்டு டிசம்பர் 9-ந்தேதி வெற்றி கிடைத்தது. ஈயம் சேர்ந்த ஒரு திரவத்தைக் கலந்தார். தட்டல் அடியோடு நின்றது. ஒரு காலன் பெட்ரோலுக்கு ஒரு தேக்கரண்டி கூடத் தேவைப்படவில்லை. 1923 பிப்ரவரியில் டேட்டன் நகரில் விற்பனை தொடங்கியது. எத்தில் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் ஈயம் என்ற சொல்லே இல்லை.

ஈயம் எங்கே போனது?

விரைவிலேயே ஒரு சிக்கல் வந்தது. எரிந்த ஈயம் பிளக்கிலும் வால்விலும் படிந்தது. அதை அகற்றப் புரோமின் சேர்ந்த இன்னொரு மருந்தையும் கலந்தார்கள். அது ஈயத்தைப் புகையோடு சேர்த்து வெளியே தள்ளியது. எஞ்சின் சுத்தமாயிற்று. தெருவில் ஈயம் படிந்தது.

ஈயம் கொடிய விஷம். மிட்ஜ்லியே 1923-ல் ஈய விஷத்தால் நோயுற்று ஓய்வு எடுத்தார். 1924 அக்டோபரில், நியூஜெர்சி மாநிலத்தில் இந்த மருந்தைத் தயாரித்த ஆலையில் 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்கள் புத்தி கலங்கித் துடிதுடித்து இறந்தார்கள்.

நாடெங்கும் பரபரப்பு. அக்டோபர் 30-ந்தேதி மிட்ஜ்லி பத்திரிகை நிருபர்களைக் கூட்டினார். அந்தத் திரவத்தில் தம் கைகளைக் கழுவினார். ஒரு நிமிட நேரம் அதன் ஆவியை முகர்ந்து காட்டினார். ஆபத்து இல்லை என்றார். முந்திய ஆண்டு தாம் படுத்த படுக்கை அவருக்கு மறந்துவிட்டது போலும்!

1925-ல் விற்பனை நிறுத்தி வைக்கப்பட்டது. மறு ஆண்டே மீண்டும் தொடங்கியது.

ஆல்கஹால் கலந்தாலும் தட்டல் குறையும். இது மிட்ஜ்லிக்குத் தெரியும். ஆனால் ஆல்கஹாலை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். ஈய மருந்துக்கோ காப்புரிமை இருந்தது.

கயிற்றில் முடிந்த வாழ்வு

1930-ல் மிட்ஜ்லி குளிர்பதனப் பெட்டிகளுக்கு ஒரு வாயுவை அறிமுகம் செய்தார். பூமியைக் காக்கும் ஓசோன் படலத்தை அது அரித்தது பின்னாளில்தான் தெரிந்தது.

1940-ல் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. கால்கள் செயல் இழந்தன. படுக்கையிலிருந்து எழுவதற்குக் கயிறும் கப்பியும் கொண்டு தாமே ஒரு கருவி செய்தார். 1944 நவம்பர் 2-ந்தேதி, அந்தக் கயிறு கழுத்தை இறுக்கிய நிலையில் இறந்து கிடந்தார். வயது 55.

அவர் கலந்த ஈயம் அவரோடு சாகவில்லை. காற்றில் கலந்தது. குழந்தைகளின் ரத்தத்தில் ஏறி மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. சென்னையில் ஈயம் இல்லாத பெட்ரோல் 1995-ல்தான் வந்தது. 2000-ம் ஆண்டு பிப்ரவரி முதல் இந்தியா முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. கடைசி நாடான அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. நம் நாட்டில் இப்போது பெட்ரோலில் கலப்பது எத்தனால். அதாவது, மிட்ஜ்லி அறிந்திருந்த அதே ஆல்கஹால்!

டப்பா மருந்து வாங்குவோர் இரண்டு விஷயங்களை நினைவில் வைத்தால் நல்லது. எஞ்சினில் படிந்த கரியைச் சில மருந்துகள் ஓரளவு கரைக்கும். ஆனால் தேய்ந்த பிஸ்டன் ரிங்கை எந்த மருந்தும் வளர்க்காது. மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும்.

இன்னொன்று, டேங்கில் ஊற்றுவது மாயமாக மறைந்து போவதில்லை. எரிந்து, சைலன்சர் வழியாகச் சாலைக்கு வருகிறது. அந்தச் சாலை ஓரத்தில்தான் நம் பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்சுக்குக் காத்து நிற்கிறார்கள்.